குழந்தைகளை ஆய்விலிருந்து விலக்கி வைப்பது யாருக்குப் பாதுகாப்பு?

குழந்தைகளிடம் மருந்து ஆய்வு நடத்தவே கூடாது என்பது நம்மிடையே விவாதம் தேவைப்படாத அறமாக நிலைபெற்றுவிட்டது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் தாயும், அதே ஊரில் அடுக்குமாடியில் குடியிருக்கும் மென்பொருள் பொறியாளரும் வேறு எதில் மாறுபட்டாலும் இதில் ஒன்றுபடுவார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் எழும் முதல் கேள்வி, "எங்க பிள்ளை என்ன சோதனை எலியா?" என்பதுதான். மேடைகளிலும் செய்தித் தலைப்புகளிலும் அதே எலிதான் வருகிறது. இந்தக் கருத்தின் பின்னே இருப்பது அன்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது தவறான கருத்து. அதைப் பின்பற்றியதால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், இன்னும் இறப்பார்கள் என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். பெரியவர் தன் உடலை ஆய்வுக்குக் கொடுக்க முன்வரலாம். குழந்தைக்கு அந்த உரிமையைப் பயன்படுத்தும் பக்குவமில்லை, ஆகவே அதன் பெயரால் இன்னொருவர் சம்மதிப்பது சம்மதமே ஆகாது. பெரியவர்களிடம் சோதித்துத் தேறிய மருந்து கையில் இருக்கிறது, அதை எடைக்கேற்றபடி குறைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. மேலைநாடுகளில் ஏற்கெனவே ஆய்வு நடந்திருக்கிறது, நம் பிள்ளைகளிடம் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு என்ற பெயரில் மாட்டிக்கொள்பவை ஏழைப் பிள்ளைகள்தாம். இது கற்பனைப் புகார் அல்ல. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி, பாத் என்ற அமெரிக்க அமைப்பின் திட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகள் ஆயிரக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் கம்மத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள் என்ற உண்மை அப்படியே நின்றது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி. கம்மத்தை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுகிறவரை நான் நம்ப மாட்டேன்.

ஆனால், ஆய்வு நடக்காவிட்டால் குழந்தைக்கு மருந்தே கொடுக்கப்படாது என்றா ஆகிறது? எதிர்த்தரப்பு எழுப்பாமல் விடும் கேள்வி இதுதான். குழந்தைக்குக் காசநோய் வரும், வலிப்பு வரும், பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறும். எதிரே நிற்கும் மருத்துவர் ஏதாவது செய்தாக வேண்டும். ஆய்வு நடந்திருந்தால் தெரிந்ததைச் செய்வார். நடக்காதிருந்தால் ஊகித்துச் செய்வார். ஆய்வில் எழுதி வைத்த திட்டம் இருக்கிறது, அதைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருக்கிறது, ஒவ்வொரு தீங்கையும் குறித்து வைத்துப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் இருக்கிறார். ஊக மருத்துவத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதே மருந்து, அதே அறியாமை, பல ஆயிரம் குழந்தைகள். எவருக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. சோதனையிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் பதிவேடு இல்லாத, முடிவே வெளிவராத ஒரு சோதனைக்குள் அத்தனை குழந்தைகளையும் அனுப்பி வைத்திருக்கிறோம். இனி மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. எடையைப் பார்த்து அளவைக் குறைத்தால் போதுமா? போதாது என்பதற்கு நம் ஊர் நோயான காசநோயே சாட்சி. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனாலும் பல பத்தாண்டுகளாகக் காசநோய் ஆய்வுகளில் குழந்தைகளுக்கு இடமில்லாமலே இருந்தது. சிறு குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. துப்பினாலும் அதில் கிருமி அகப்படுவது அரிது. கிருமி குறைவாக இருப்பதால் பிறருக்குப் பரப்புவதும் குறைவு. ஆகவே கணக்கிலும் வரவில்லை, ஆய்விலும் வரவில்லை. பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்றால் குழந்தைக்கும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு குழந்தையின் கல்லீரல், அதன் எடையோடு ஒப்பிட்டால், பல மருந்துகளைப் பெரியவரைவிட வேகமாக உடைத்து வெளியேற்றுகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த பிறகுதான் அது போதாமல் போனது தெரிந்தது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான ஐசோநியாசிடை கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகவும், ரிஃபாம்பிசினை 10இலிருந்து 15 ஆகவும் உயர்த்தியது. ஐசோநியாசிட் சரியாக இரண்டு மடங்கு! அதுவரை பழைய அளவைப் பின்பற்றிய நாடுகளில் குழந்தைகள் மாதக்கணக்கில் தவறாமல் விழுங்கியது குறை மருந்து. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தமிழகக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, வயதும் ஊட்டமும் குறைந்த பிள்ளைகளின் உடலில்தான் மருந்து மேலும் குறைவாக நிற்கிறது என்று கண்டார்கள். அதாவது, யாருக்கு நோய் மிகக் கொடுமையாகத் தாக்குமோ அவர்களுக்கே மருந்து மிகக் குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு துளி இரத்தம் எடுக்கச் சம்மதித்த குடும்பங்கள் இல்லாமல் இது தெரிந்திருக்காது.

தாம்பரம் சானடோரியத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தொடங்கி, பிறகு அரசு ஏற்றுக்கொண்ட அந்த நெஞ்சக மருத்துவமனை, 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியபோது அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எட்டு மருத்துவமனைகளில் ஒன்று. குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது 2006 நவம்பர் இறுதியில். இரண்டரை ஆண்டுகள் பெரியவர் மருந்து இருந்தது, குழந்தைகளுக்கென்று செய்த மருந்து திட்டத்தில் இல்லை. பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதுதான் அன்று ஏழை நாடுகள் பலவற்றில் வழக்கம். அப்படி உடைத்துக் கொடுத்தால் சிறு குழந்தைகளுக்கு நெவிரபின் என்ற மருந்து போதாமல் போகிறது என்பதை ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. குறை அளவில் கிடைக்கும் எச்.ஐ.வி. மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்தை எதிர்த்து நிற்க அதற்குக் கற்றுக்கொடுக்கும். குழந்தைகளுக்கேற்ற விகிதத்தில் மாத்திரை செய்தது இந்தியாவின் சிப்லா நிறுவனம். அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துத் தந்தவர்கள் ஜாம்பியத் தலைநகர் லுசாகாவின் குழந்தைகள். நம் பிள்ளைகள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். குழந்தைகளிடம் ஆய்வே கூடாது என்று இங்கிருந்து பேசுகிறவர்கள், அந்த லுசாகா குழந்தைகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

"முதலில் பெரியவர்களிடம் பார்க்கட்டும், அவசரமென்ன?" என்பது இதே மறுப்பின் மென்மையான வடிவம். முதலில் பெரியவர்களிடம் பார்ப்பது சரி, சட்டமும் பெரும்பாலும் அதையே சொல்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள்? மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கான பெடாக்விலின், பெரியவர்களுக்கென்று அமெரிக்காவில் 2012 இறுதியில் அனுமதி பெற்றது. எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2022இல். நடுவில் போன பத்தாண்டுகளில் அடங்காக் காசநோய் வந்த சிறு குழந்தைகள் பலர், காதைச் செவிடாக்கக் கூடிய ஊசிகளை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தாமதத்தைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

எதிர்ப்புறத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். கடுமையற்ற காசநோய் உள்ள குழந்தைக்கு ஆறு மாத மருந்து உண்மையிலேயே வேண்டுமா, நான்கு மாதம் போதாதா என்று கேட்டது ஷைன் என்ற ஆய்வு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 1204 குழந்தைகள். இந்தியாவில் புணேயும் சென்னையும். சென்னைப் பங்கு சேத்துப்பட்டு நிறுவனத்துடையது. முடிவு 2022 மார்ச்சில் வெளிவந்தது. நான்கு மாதம் எடுத்தவர்களிலும் ஆறு மாதம் எடுத்தவர்களிலும் சிகிச்சை தோற்றது ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கே. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நான்கு மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அன்றாடக் கூலிக்குப் போகும் தாய்க்கு, மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் தினமும் மருந்தைப் புகட்டப் போராடும் வீட்டுக்கு, இரண்டு மாதம் குறைவது சின்ன விஷயமா? முன்பு குழந்தைகளுக்குக் குறை அளவைக் கொடுத்ததும் ஆய்வின்மைதான், தேவைக்கு மேல் இரண்டு மாதம் கொடுத்ததும் ஆய்வின்மைதான்.

2. மேலைநாட்டு ஆய்வு இருக்கும்போது நம் பிள்ளைகள் எதற்கு? இந்த மறுப்புதான் படித்தவர்களிடம் அதிகம் செல்லுபடியாகிறது, இதுதான் அதிக ஆபத்தானதும்கூட. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவை 72 மணி நேரம் 33.5 டிகிரி வரை குளிர்வித்து வைத்தால் இறப்பும் ஊனமும் குறைகின்றன என்று 2005 முதல் அமெரிக்க, பிரிட்டன் ஆய்வுகள் தொடர்ந்து நிறுவின. அங்கே அது வழக்கமான சிகிச்சையாயிற்று. இங்கும் பரவத் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் பங்களிப்போடு மலிவான குளிர்விப்புத் தொட்டிலும் உருவானது. நல்ல நோக்கம், நல்ல உழைப்பு. அங்கே நிரூபணமானது இங்கேயும் பலிக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் வர வேண்டிய அவசியம் தெரியவில்லை. அப்படியிருந்தும் சந்தேகப்பட்ட சிலர் ஹீலிக்ஸ் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 408 சிசுக்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. 2021இல் வந்த முடிவு நெஞ்சை அடைப்பது. குளிர்விக்கப்பட்ட சிசுக்களில் நூற்றுக்கு 42 இறந்தன, குளிர்விக்கப்படாதவற்றில் 31. ஊனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் எந்த நன்மையும் தென்படவில்லை. லண்டனில் உயிர் காத்த சிகிச்சை சென்னையில் உயிர் பறித்திருக்கிறது. ஏன் என்பதில் சிசு மருத்துவர்களிடையே விவாதம் ஓயவில்லை. மூளைப் பாதிப்பு இங்கே பிரசவ வலியின் கடைசி மணிகளில் அல்லாமல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறதா, தாயின் ஊட்டக்குறைவு காரணமா, கருவிகளின் தன்மை காரணமா என்று பல விளக்கங்கள். காரணம் எதுவானாலும், இங்குள்ள சிசுக்களிடம் கேட்காமல் விடையை இறக்குமதி செய்ய முடியாது என்பது உறுதியாயிற்று.

"பார்த்தீர்களா, ஆய்வில் குழந்தைகள் இறந்திருக்கிறார்களே?" என்று இங்கே ஒரு குரல் எழும். எழ வேண்டிய குரல்தான், அதைத் தட்டிக்கழிக்கும் உரிமை எனக்கில்லை. குளிர்விப்புக் குழுவில் அதிகமாக இறந்த சிசுக்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் துயரம். ஆனால் ஆய்வு நடக்காத சென்னையைக் கற்பனை செய்துபாருங்கள். அங்கே குளிர்விப்பு நிற்காது. நல்ல மருத்துவமனையின் அடையாளமாக மதிக்கப்பட்டு மாவட்டந்தோறும் பரவும். நூற்றுக்குப் பதினொரு பேர் கூடுதலாக இறப்பார்கள், எவருக்கும் அது தெரியாது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தை இறந்தால் திணறலால் இறந்தது என்றுதான் எழுதுவார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத இடத்தில் சிகிச்சை செய்யும் கொலை நோயின் கணக்கில்தான் சேரும்.

இது ஒரு தனி விபத்தும் அல்ல. பிரிட்டனில் 1950இல் தொடங்கி பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் பி.சி.ஜி. ஊசி ஆய்வு செய்யப்பட்டபோது முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்பு கிடைத்தது. தாம்பரம் அன்று எந்த மாவட்டத்தில் இருந்ததோ அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் அதே ஊசி சோதிக்கப்பட்டபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பச்சிளம் பிள்ளைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதற்காகத்தான் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறோம். போலியோ சொட்டு மருந்தும் அப்படியே. மேலைநாட்டில் மூன்று தவணை போதுமானதாக இருந்தது. இங்கே போதாது என்பதை வேலூரில் மருத்துவர் டி. ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் நம் குழந்தைகளின் இரத்தத்தைப் பார்த்துத்தான் 1970களில் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்து 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடானதற்கு அடியில் இருப்பது அந்த அறிவு. மேலைநாட்டு ஆய்வே போதும் என்று அன்று நின்றிருந்தால் காலிப்பர் மாட்டிய பிள்ளைகளை இன்றும் நம் பள்ளிகளில் பார்த்துக்கொண்டிருப்போம்.

3. காலங்காலமாகக் கொடுத்து வருவதற்கு ஆய்வு எதற்கு? காலம் ஒன்றையும் நிரூபிப்பதில்லை. கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் தளர்ந்து வரும் குழந்தைக்கு நரம்பு வழியே விரைவாகத் திரவம் ஏற்றுவது பாடப்புத்தகச் சிகிச்சையாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகளிடம் அதை ஒப்பிட்டுப் பார்த்து 2011இல் முடிவு வெளியானது. விரைவாகத் திரவம் ஏற்றியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் இரண்டு நாளில் இறந்தார்கள்; ஏற்றாமல் நிதானமாகக் கவனிக்கப்பட்டவர்களில் ஏழு பேர். (வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை, அவர்களுக்கு நீர் கொடுத்தே ஆக வேண்டும்.) நல்ல மருத்துவர்கள் பல ஆண்டுகளாக நல்லெண்ணத்தோடு செய்துவந்தது அது.

நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். சளி, இருமலுக்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் கூட்டு மருந்து சிரப்புகளால் பயன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இல்லை, தீங்குக்குச் சான்று உண்டு. குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிட 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், தாம்பரத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனால் வருகிற சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. நச்சு கலந்தது தயாரிப்புக் குற்றம், மேற்பார்வைக் குற்றம். அதற்கும் மருந்து ஆய்வுக்கும் நேர்த் தொடர்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தானாகவே ஆறிவிடும் சளிக்கு, அந்த வயதில் கொடுக்கக் கூடாத அதே கலவை அந்தப் பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தது? ஒப்புதல் படிவத்தைக் கண்டதும் பின்வாங்கும் நாம், மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டிக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இது எந்த மருத்துவ முறைக்கும் பொருந்தும். குழந்தை மருத்துவத்தைத் தனித் துறையாகவே நடத்தும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரத்தில்தான் இருக்கிறது. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசுவுக்குக் கற்பூரம் தடவும் வீடுகளும் இதே தாம்பரத்தில் இருக்கின்றன. கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக் கூடியது. எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று பிரித்துச் சொல்ல ஆய்வைத் தவிர வேறு வழி சித்த மருத்துவத்துக்கும் இல்லை.

4. மாட்டிக்கொள்வது ஏழைப் பிள்ளைகள்தானே? கனமான மறுப்பு இது ஒன்றுதான். அதன் அடித்தளம் உண்மை. அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம்தான் பெரும்பாலும் ஆய்வு நடக்கிறது; வெள்ளை அங்கிக்கு எதிரே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு நா வராது; மறுத்தால் சிகிச்சையையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. கம்மத்தில் நடந்தது இந்த ஏற்றத்தாழ்வின் அறுவடை. ஆனால் இதிலிருந்து "ஆகவே ஆய்வே வேண்டாம்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஏழைக் குழந்தைகளின் நோய்களே ஆய்வுக்கு வராமல் கிடந்தவை. காசநோய்க்கு நேர்ந்ததைப் பார்த்தோம். அந்தக் குழந்தைகளை ஆய்விலிருந்து விலக்கினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய இழப்பு இல்லை. அவர்களுக்கு வரும் நோய்களை மருந்து நிறுவனங்கள் எப்படியும் கவனித்துக்கொள்ளும். விலக்கலின் சுமையும் ஏழைப் பிள்ளையின் தலையில்தான் விழும். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று 193 நோயாளிகளிடம் பார்த்தார்கள். வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடும் என்பதுதான் அன்றைய பெரிய அச்சம். குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, சானடோரியம் போனவர்களின் வீடுகளைவிட இங்கே ஆபத்து அதிகமில்லை என்று தெரிந்தது. படுக்கை கிடைக்காமல் மருந்தின்றிக் கிடந்த ஏழைகளுக்குச் சிகிச்சையின் கதவு திறந்தது அந்த முடிவால். ஆய்வுக்கு வந்தவர்களும் ஏழைகள், பலன் போய்ச் சேர்ந்ததும் உலகமெங்கும் இருந்த ஏழைகளுக்கு.

சுரண்டலுக்கு மருந்து காவல்தான். கம்மம் விவகாரமும் உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்குகளும் சேர்ந்து அந்தக் காவலை ஓரளவு உருவாக்கித் தந்திருக்கின்றன. ஆய்வுகளைத் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஆய்வால் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. புதிய மூலக்கூறு மருந்தைப் பலவீன நிலையில் உள்ளவர்களிடம் சோதிக்கும்போது ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. ஏழு வயதைக் கடந்த பிள்ளையிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டைக் கடந்தால் எழுத்திலும் இசைவு பெற வேண்டும். குழந்தை சம்மதிக்க முடியாது என்ற மறுப்புக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி இது: குடல்வால் அறுவைக்கும், தடுப்பூசிக்கும், எந்தப் பள்ளி என்பதற்கும் குழந்தையின் பெயரால் பெற்றோர்தான் முடிவெடுக்கிறார்கள். அவர்களின் தீர்ப்பை எல்லாவற்றிலும் நம்பிவிட்டு, காவல் மிகுந்த இந்த ஒன்றில் மட்டும் செல்லாது என்பதற்குத் தர்க்கம் இல்லை. விதிகள் தாளில் இருப்பதால் நடைமுறையில் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. நெறிமுறைக் குழு பெயரளவில் கூடிக் கலைவதும், புரியாத மொழிபெயர்ப்பில் படிவம் அச்சாவதும் நடக்கக் கூடியவையே. அதை எதிர்த்துப் போராடுங்கள், நானும் உடன் வருவேன்.

ஆய்வே வேண்டாம் என்று கத்துவதில் செலவாகும் கோபத்தை இங்கே திருப்பினால் எவ்வளவு சாதிக்கலாம். படிவத்தை நீட்டும் மருத்துவரிடம் தாம்பரத்துத் தாய் கேட்க வேண்டியவை சில: இந்த ஆய்வின் பதிவு எண் என்ன? என் பிள்ளை மருந்து கிடைக்காத குழுவில் விழுந்தால் அவனுக்கு என்ன சிகிச்சை? நடுவில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா? கேடு வந்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், யார் பணம் கட்டுவார்கள்? மருந்து தேறினால் இந்த மருத்துவமனையிலேயே எங்களுக்குக் கிடைக்குமா, விலை என்ன? முடிவு வந்ததும் எங்களுக்குத் தமிழில் சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்கு இன்று பெரும்பாலும் பதில் இல்லை. ஆய்வு முடிவு ஆங்கிலப் பத்திரிகையில் வெளியாகிறது. இரத்தம் கொடுத்த பிள்ளையின் வீட்டுக்கு ஒரு கடிதம்கூட வருவதில்லை. ஒவ்வொரு நெறிமுறைக் குழுவும் அனுமதி தரும்போதே இந்தக் கடிதத்தை நிபந்தனையாக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.